ஸ்கேன் அறிக்கையில் அச்சாகாத எண்

2021 மே மாதத் தொடக்கம். கரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தது. ஆக்சிஜன் படுக்கைக்குக் காத்திருந்த கூட்டம் போலவே ஸ்கேன் சென்டர் வாசல்களிலும் கூட்டம். மருத்துவர் எழுதிக்கொடுத்தாரோ இல்லையோ, நெஞ்சுக்கு ஒரு சி.டி. எடுத்து, நுரையீரல் பாதிப்பு 25-க்கு எத்தனை 'ஸ்கோர்' என்று தெரிந்துகொண்டால்தான் குடும்பத்துக்கு நிம்மதி. அப்போது டெல்லி எய்ம்ஸ் இயக்குநராக இருந்த மருத்துவர் ரண்தீப் குலேரியா, லேசான அறிகுறி உள்ளவர்கள் சி.டி.க்கு ஓட வேண்டாம், ஒரு சி.டி. ஸ்கேனின் கதிர்வீச்சு 300 முதல் 400 மார்பு எக்ஸ்ரேக்களுக்குச் சமம் என்று எச்சரித்தார். இந்தியக் கதிரியக்க, படிமவியல் மருத்துவர் சங்கம் உடனே மறுத்தது. அது 30, 40 ஆண்டுகளுக்கு முந்தைய கணக்கு, இன்றைய குறைந்த டோஸ் சி.டி. 5 முதல் 10 எக்ஸ்ரேக்குத்தான் சமம் என்றது.

400 எங்கே, 5 எங்கே? நாட்டின் மூத்த மருத்துவர்களே எண்பது மடங்கு முரண்பட்டால் சாமானியர் யாரை நம்புவது? விஷயம் என்னவென்றால், இரண்டு தரப்பும் சொன்ன எண்களுக்கு அருகே கணக்குப் போட்டு வந்து சேரமுடியும். நல்ல கருவியில் நெஞ்சை நேராக ஒரே ஒரு படம் எடுத்தால் டோஸ் சுமார் 0.02 மில்லிசீவர்ட். பக்கவாட்டுப் படமும் சேர்ந்தால் 0.1 வரை போகும். வழக்கமான மார்பு சி.டி. சுமார் 7 மில்லிசீவர்ட். குறைந்த டோஸ் முறையில் எடுத்தால் 1, சில சமயம் அதற்கும் கீழே. 7-ஐ 0.02-ஆல் வகுத்தால் 350 வரும். 1-ஐ 0.1-ஆல் வகுத்தால் 10 வரும். எந்த சி.டி., எந்த எக்ஸ்ரே என்று சொல்லாதவரை 350-ம் சரி, 10-ம் சரி.

தலைப்புச் செய்திகளில் நின்றது எக்ஸ்ரே எண்ணிக்கைதான். மில்லிசீவர்ட் யார் காதிலும் விழவில்லை. கதிர்வீச்சை அளக்க உலகமே ஒப்புக்கொண்ட அலகுகள் இருக்கின்றன. அவற்றை மக்களுக்குப் புரியாது என்று ஒதுக்கிவிட்டு எக்ஸ்ரேக் கணக்கு, வாழைப்பழக் கணக்கு, விமானப் பயணக் கணக்கு சொல்வது நம்மிடம் வழக்கமாகிவிட்டது. ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்பதைப் படித்துப் புரிந்துகொள்ளும் ஒரு சமூகத்துக்கு மில்லிசீவர்ட் புரியாமல் போக எந்தக் காரணமும் இல்லை. சொல்லித்தர யாரும் மெனக்கெடவில்லை, அவ்வளவுதான்.

மூன்று அலகுகள், மூன்று கேள்விகள்

கதிர்வீச்சுச் செய்திகளில் அடிபடும் அலகுகள் மூன்று: பெக்கரல், கிரே, சீவர்ட். மூன்றும் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள்.

முதல் கேள்வி, அங்கே என்ன நடக்கிறது என்பது. ஒரு பொருளில் நொடிக்கு ஓர் அணுக்கரு சிதைந்தால் அது ஒரு பெக்கரல். 1896-ல் யுரேனியத்திலிருந்து கதிர்கள் வெளிப்படுவதைக் கண்டறிந்த பிரெஞ்சு விஞ்ஞானி ஹென்றி பெக்கரலின் பெயர் அது. மிகமிகச் சிறிய அலகு. 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் இயல்பாகவே இருக்கும் பொட்டாசியம்-40 மட்டுமே 4,000 பெக்கரலுக்கு மேல் வரும். இதற்கு முன்பு புழக்கத்தில் இருந்த கியூரி நேர் எதிர். ஒரு கிராம் ரேடியத்தை வைத்து வகுத்த அந்த அலகு 3,700 கோடி பெக்கரலுக்குச் சமம்.

இரண்டாவது கேள்வி, உடலுக்குள் எவ்வளவு இறங்கியது என்பது. ஒரு கிலோ திசு, கதிர்வீச்சிலிருந்து ஒரு ஜூல் ஆற்றலை வாங்கிக்கொண்டால் அது ஒரு கிரே. உடல் முழுவதும் குறுகிய நேரத்தில் 4 முதல் 5 கிரே வாங்கிய மனிதர்களில், சிகிச்சை கிடைக்காவிட்டால், ஏறக்குறைய பாதிப்பேர் சில வாரங்களில் இறந்துபோவார்கள். அதே 4, 5 கிரே ஆற்றலை வெறும் வெப்பமாகக் கணக்கிட்டால் உடலின் சூடு ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் கூடும். தெர்மாமீட்டரில்கூடத் தெரியாது. இவ்வளவு சொற்ப ஆற்றல் ஆளைக் கொல்வதற்குக் காரணம், அது பரவலாகச் சூடேற்றாமல் செல்லுக்குள் புகுந்து டி.என்.ஏ. இழைகளை அறுப்பதுதான்.

மூன்றாவது கேள்விதான் நமக்கு முக்கியம்: அதனால் கேடு எவ்வளவு? இதற்கான விடை சீவர்ட். சுவீடனைச் சேர்ந்த மருத்துவ இயற்பியலாளர் ரோல்ஃப் சீவர்ட்டின் பெயரில் 1979-ல் ஏற்கப்பட்ட அலகு. ஒரே அளவு ஆற்றல் இறங்கினாலும் எல்லாக் கதிரும் ஒரே கேட்டைச் செய்வதில்லை. எக்ஸ்ரே, காமா, பீட்டா ஆகியவற்றுக்கு மதிப்பு 1 என்றால், ஆல்ஃபா துகளுக்கு 20. உடலின் எல்லா உறுப்புகளும் ஒரே மாதிரித் தாங்குவதுமில்லை. நுரையீரல், இரைப்பை, பெருங்குடல், எலும்பு மஜ்ஜை, மார்பகம் ஒவ்வொன்றுக்கும் 0.12 என்றும், தைராய்டு, கல்லீரல் போன்றவற்றுக்கு 0.04 என்றும், தோலுக்கும் மூளைக்கும் 0.01 என்றும் சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் பங்கு பிரித்திருக்கிறது. கிரேயை இந்த இரண்டு எடைகளாலும் பெருக்கிக் கூட்டினால் வருவதுதான் சீவர்ட். கருவியால் நேரடியாக அளந்து பெறும் எண் அல்ல அது. மனிதர்கள் உட்கார்ந்து விவாதித்து, புதிய சான்றுகள் வரும்போது திருத்தி எழுதும் ஒரு மதிப்பீடு. அதனால் அதை நம்பக்கூடாது என்பதில்லை. அதன் எல்லை தெரிந்து நம்பவேண்டும்.

ஒரு சீவர்ட் என்பது ஆயிரம் மில்லிசீவர்ட், பத்து லட்சம் மைக்ரோசீவர்ட். செய்தியை அவசரமாக மொழிபெயர்க்கும்போது 'மில்லி' 'மைக்ரோ' ஆனாலோ, முன்னொட்டே விழுந்துவிட்டாலோ, ஆயிரம் மடங்கு பீதியோ ஆயிரம் மடங்கு ஆறுதலோ அச்சேறிவிடும். அமெரிக்க ஆவணங்களில் இன்றும் ரெம் என்ற பழைய அலகு வரும். ஒரு ரெம் 10 மில்லிசீவர்ட்.

பெக்கரல் மட்டும் சொன்னால்

பெக்கரல் மட்டும் உள்ள செய்தி எவ்வளவு தவறாக வழிநடத்தும் என்பதற்கு ஒரு கணக்கு. பெரியவர் ஒருவர் 10,000 பெக்கரல் கதிரியக்கப் பொருளை விழுங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரில் கலந்த டிரிடியமாக இருந்தால் டோஸ் 0.18 மைக்ரோசீவர்ட். சீசியம்-137 என்றால் 130 மைக்ரோசீவர்ட். பொலோனியம்-210 என்றால் 12,000 மைக்ரோசீவர்ட். மூன்றிலும் பெக்கரல் ஒன்றுதான். கேட்டின் அளவு பல்லாயிரம் மடங்கு மாறுகிறது. 2006-ல் லண்டனில் முன்னாள் ரஷ்ய உளவாளி அலெக்சாண்டர் லிட்வினென்கோவைக் கொல்லப் பயன்பட்டது பொலோனியம்-210 தான். கண்ணுக்கே தெரியாத அளவு போதுமாக இருந்தது.

2023 ஆகஸ்ட் 24 அன்று விபத்துக்குள்ளான ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தின் சுத்திகரிக்கப்பட்ட நீரை ஜப்பான் கடலில் விடத் தொடங்கியது. ஆண்டுக்கு 22 லட்சம் கோடி பெக்கரல் டிரிடியம் என்பது அதற்கான உச்சவரம்பு. இந்த எண்ணைப் படிப்பவருக்கு நெஞ்சு பதறுவது இயல்பு. அதைத் தூய டிரிடியமாகப் பிரித்து எடை போட்டால் சுமார் 60 மில்லிகிராம். வெளியேற்றும் நீரில் லிட்டருக்கு 1,500 பெக்கரலுக்கு மேல் டிரிடியம் இருக்கக் கூடாது என்பது ஜப்பான் வைத்துக்கொண்ட வரம்பு. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கே 10,000 பெக்கரல் வரை வழிகாட்டு அளவாக வைத்திருக்கிறது.

அப்படியானால் இந்த வெளியேற்றத்தை எதிர்த்தவர்கள் எல்லாம் அறியாதவர்களா? இல்லை. டிரிடியத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்த, நிலையத்தை நடத்தும் டெப்கோ நிறுவனம், தொட்டிகளில் இருந்த நீரில் சுமார் 80 சதவீதத்தில் ஸ்ட்ரான்சியம் உள்ளிட்ட வேறு பொருள்களும் வரம்புக்கு மேல் இருப்பதை 2018-ல்தான் ஒப்புக்கொண்டது. ஸ்ட்ரான்சியம்-90 கால்சியம் போல எலும்பில் போய் உட்காரும். ஆகவே "எத்தனை பெக்கரல்?" என்ற கேள்வியோடு "எந்தப் பொருளின் பெக்கரல்?" என்றும் கேட்ட மீனவர்கள், அதிகாரிகளைவிடச் சரியான கேள்வியைக் கேட்டார்கள். மறுபடியும் சுத்திகரித்த பிறகே வெளியேற்றம் என்ற நிலைப்பாட்டுக்கு நிறுவனம் வந்தது.

சீவர்ட்டிலும் ஒரு கண்ணி உண்டு. 2011 மார்ச்சில், ஃபுகுஷிமா விபத்தை அடுத்து, டோக்கியோவின் கனமாச்சி நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் லிட்டருக்கு 210 பெக்கரல் அயோடின்-131 இருப்பது தெரிந்தது. கைக்குழந்தைகளுக்கான வரம்பு 100. பால்மாவு கரைக்க அந்த நீரைப் பயன்படுத்த வேண்டாம் என்று அரசு அறிவித்தது; கடைகளில் தண்ணீர் பாட்டில்கள் காலியாயின. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை அந்த நீரில் ஒரு லிட்டர் குடித்திருந்தால் உடல் முழுவதற்குமான டோஸ் சுமார் 0.04 மில்லிசீவர்ட். கேட்க அற்பமாக இருக்கிறது. ஆனால் அயோடின் தைராய்டில்தான் போய்ச் சேரும். அந்தச் சின்னஞ்சிறு சுரப்பிக்கு மட்டும் கணக்கிட்டால் டோஸ் சுமார் 0.8 மில்லிசீவர்ட். முழு உடல் கணக்கில் தைராய்டுக்குச் சிறு பங்குதான் என்பதால் இந்த 0.8 உள்ளே கரைந்து மறைந்துவிடுகிறது. எந்த உறுப்புக்கு என்று சொல்லாமல் சீவர்ட் சொல்வது பாதிச் செய்தி.

மணிக்கு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு

கருவிகள் காட்டுவது பெரும்பாலும் மணிக்கு எத்தனை மைக்ரோசீவர்ட் என்பதைத்தான். பாதுகாப்பு வரம்புகளோ ஆண்டுக்கு இத்தனை மில்லிசீவர்ட் என்று இருக்கின்றன. ஒரு பேருந்து மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகிறது என்று மட்டும் சொன்னால் அது திருச்சிக்குப் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. எவ்வளவு நேரம் ஓடியது என்பதும் தெரியவேண்டும். கதிர்வீச்சிலும் அப்படித்தான். அந்த நேரக் கணக்கை யார், எப்படிப் போடுகிறார்கள் என்பதில்தான் அரசியல் புகுந்துகொள்கிறது.

ஃபுகுஷிமா விபத்து நடந்து ஒரு மாதம் கழித்து, 2011 ஏப்ரல் 19 அன்று, ஜப்பான் கல்வி அமைச்சகம் பள்ளி மைதானங்களுக்கு ஒரு வரம்பு சொன்னது: மணிக்கு 3.8 மைக்ரோசீவர்ட். எங்கிருந்து வந்தது இந்த 3.8? ஒரு குழந்தை நாளில் 8 மணி நேரம் வெளியே இருக்கும், 16 மணி நேரம் மரவீட்டுக்குள் இருக்கும், வீட்டுக்குள் கதிர்வீச்சு வெளியில் இருப்பதில் 40 சதவீதம்தான் என்று வைத்துக்கொண்டார்கள். வெளியே 8 மணி நேரத்துக்கு 30.4 மைக்ரோசீவர்ட். உள்ளே 16 மணி நேரத்துக்குச் சுமார் 24.3. நாளுக்கு 54.7. அதை 365-ஆல் பெருக்கினால் 20 மில்லிசீவர்ட் வருகிறது. அதாவது ஆண்டுக்கு 20 என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வகுத்து 3.8-க்கு வந்து சேர்ந்தார்கள்.

கணக்கில் பிழை இல்லை. அந்த 20-ல்தான் பிரச்சினை. பெரும் விபத்துக்குப் பின் அந்தப் பகுதியிலேயே வாழ்பவர்களுக்கு ஆண்டுக்கு 1 முதல் 20 மில்லிசீவர்ட்டுக்குள் ஓர் இலக்கை வைத்துக்கொண்டு படிப்படியாகக் குறைக்கலாம் என்பது சர்வதேச ஆணையத்தின் வழிகாட்டல். ஜப்பான் அரசு அதன் மேல் நுனியைப் பிடித்துக்கொண்டது. அதுவும் பெரியவர்களைவிட எளிதில் பாதிக்கப்படும் குழந்தைகளுக்கு. அணு உலைத் தொழிலாளிக்கு ஐந்தாண்டுச் சராசரியாக அனுமதிக்கப்படும் ஆண்டு வரம்பும் அதே 20 தான். தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கு இந்த அளவை ஏற்கவே முடியாது என்று சொல்லி, பிரதமரின் ஆலோசகராக இருந்த டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் தோஷிசோ கோசாகோ பதவி விலகினார். செய்தியாளர் கூட்டத்தில் அவர் கண்ணீர் விட்டதை உலகமே பார்த்தது. பெற்றோர் ஃபுகுஷிமாவிலிருந்து டோக்கியோவுக்கு வந்து அமைச்சக வாசலில் போராடினார்கள். மே 27 அன்று, பள்ளி வளாகத்தில் ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்டே இலக்கு என்று அமைச்சகம் இறங்கிவந்தது. அலகைப் புரிந்துகொண்ட தாய்மார்கள் அரசின் முடிவை மாற்றிய கதை இது. அந்தக் கூட்டல் பெருக்கலை நம் ஊர் எட்டாம் வகுப்பு மாணவரால் போட முடியும்.

அளக்கும் கருவியின் எல்லையும் கணக்கில் வேண்டும். 1986 ஏப்ரல் 26 அதிகாலை செர்னோபில் அணு உலை வெடித்தபோது கையில் இருந்த கருவிகள் மணிக்கு 3.6 ரான்ட்ஜனுக்கு (கதிர்வீச்சை அளக்கும் பழைய அலகு) மேல் காட்டும் திறன் இல்லாதவை. முள் உச்சத்தில் போய் நின்றது. அந்த உச்சமே உண்மை அளவாக மேலிடத்துக்குப் போனது. உண்மையில் சில இடங்களில் அதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு இருந்தது. கடும் கதிர்வீச்சு நோய்க்கு ஆளான 134 பேரில் 28 பேர் அடுத்த சில மாதங்களில் இறந்தார்கள்.

கல்பாக்கமும் குமரி மணலும்

தமிழ்நாட்டுக்கு இந்தப் பாடம் தூரத்துச் செய்தி அல்ல. 2003 ஜனவரி 21 அன்று கல்பாக்கம் மறுபதனிடு ஆலையில் ஒரு வால்வு பழுதாகி, வீரியம் கூடிய கதிரியக்கக் கழிவு, வீரியம் குறைந்த கழிவுக்கான தொட்டிக்குள் கலந்துவிட்டது. அந்த இடத்தில் எச்சரிக்கும் கருவி இல்லை. மாதிரி எடுக்கப் போனவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆறு ஊழியர்கள் 280 முதல் 420 மில்லிசீவர்ட் வரை வாங்கினார்கள். விவரம் பொதுவெளிக்கு வர மாதக்கணக்கில் ஆனது.

இந்த எண்களை எப்படிப் படிப்பது? இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் தொழிலாளருக்கு வைத்திருக்கும் வரம்பு ஐந்தாண்டுகளில் மொத்தம் 100, எந்த ஓராண்டிலும் 30 மில்லிசீவர்ட். ஆக, அவர்கள் வாங்கியது ஓராண்டு வரம்பைப் போல 9 முதல் 14 மடங்கு. வாந்தி போன்ற உடனடி நோய்க்கூறுகள் 1,000 மில்லிசீவர்ட்டை ஒட்டித்தான் தெளிவாகத் தொடங்கும் என்பதால் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை என்பதும் உண்மை. ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர்தப்பியவர்களை 1950 முதல் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வின் அடிப்படையில், ஒரு சீவர்ட்டுக்குச் சுமார் 5 சதவீதம் கூடுதல் புற்றுநோய் ஆபத்து என்று கணக்கிடுகிறார்கள். அதன்படி 420 மில்லிசீவர்ட் வாங்கியவருக்கு வாழ்நாளில் கூடும் ஆபத்து சுமார் 2 சதவீதம். அதிகாரி "ஒன்றும் ஆகாது" என்று முடித்துக்கொள்வதும், மறுதரப்பு "செத்துப்போவார்கள்" என்று சொல்வதும் அந்த ஆறு பேருக்குச் செய்யும் நியாயமல்ல. எத்தனை மில்லிசீவர்ட், வரம்பு எவ்வளவு, அதனால் கூடும் ஆபத்து எவ்வளவு என்று மூன்று வரிகளில் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். கல்பாக்கத்தின் மற்ற தொழிலாளர்களுக்கும் சுற்றியுள்ள மீனவக் கிராமங்களுக்கும் அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருந்தது.

குமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சி கடற்கரையிலும், கேரளத்தின் சவரா, நீண்டகரைப் பகுதியிலும் மணலிலேயே மோனசைட் இருக்கிறது. அதில் தோரியம். உலகச் சராசரியில் ஒருவர் இயற்கையிலிருந்து ஆண்டுக்கு வாங்குவது 2.4 மில்லிசீவர்ட், அதில் ஏறத்தாழ பாதி, வீட்டுக்குள் சுவாசிக்கும் ரேடான் வாயுவால் வருவது. மோனசைட் கடற்கரையின் சில வீடுகளில் இது பல மடங்கு. சவராவும் நீண்டகரையும் அடங்கிய கருநாகப்பள்ளி வட்டத்தில் சுமார் 70,000 பேரைப் பத்தாண்டுக்கும் மேல் பின்தொடர்ந்து திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையம் செய்த ஆய்வு 2009-ல் வெளியானது. அதிகக் கதிர்வீச்சு உள்ள வீடுகளில் புற்றுநோய் கூடியதாக அந்த ஆய்வில் தெரியவில்லை.

மதிப்புமிக்க ஆய்வு அது. அணு உலை விவாதங்களில் அதைக் கொண்டுவந்து, "குமரிக் கடற்கரையில் இயற்கையாகவே இவ்வளவு இருக்கிறது, உலையிலிருந்து வரும் கொஞ்சத்துக்கு ஏன் கூச்சல்?" என்று வாயடைக்கப் பார்ப்பதைத்தான் ஏற்க முடியாது. 100 மில்லிசீவர்ட்டுக்குக் கீழான டோஸில் ஆபத்து மிகச் சிறியது. சிறியதாக இருப்பதாலேயே அதைக் கண்டுபிடிக்க இன்னும் பெரிய, இன்னும் நீண்ட ஆய்வுகள் வேண்டும். பொதுமக்களுக்கான ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் என்ற வரம்பு, இயற்கையில் வருவதையும் மருத்துவத்தில் வாங்குவதையும் சேர்க்காமல், அதற்கு மேல் மற்றவர்கள் நம் மீது ஏற்றுவதற்கான வரம்பு. மண்ணிலிருந்து வருவதைக் காட்டி அந்த வரம்பை நீர்த்துப்போகச் செய்யக் கூடாது.

'வாழைப்பழத்திலும் கதிரியக்கம் இருக்கிறதே' என்ற கதையும் இதே ரகம். ஒரு பழத்தில் சுமார் 15 பெக்கரல் பொட்டாசியம்-40 இருப்பது உண்மைதான். ஆனால் உடல் தனக்கு வேண்டிய பொட்டாசியத்தை வைத்துக்கொண்டு மீதியைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். பத்துப் பழம் கூடுதலாகச் சாப்பிட்டாலும் உடலில் பொட்டாசியத்தின் இருப்பு ஏறுவதில்லை. ஸ்ட்ரான்சியமும் சீசியமும் அப்படி நடந்துகொள்வதில்லை.

கையெட்டும் தூரத்தில் இருக்கும் எண்

அணு உலையைப் பற்றி இவ்வளவு பேசினாலும், நம்மில் பெரும்பாலோர் வாழ்நாளில் வாங்கப்போகும் செயற்கைக் கதிர்வீச்சில் மிகப் பெரும்பங்கு ஸ்கேன் அறையில்தான் வரப்போகிறது. அங்கே எண் இல்லாமல் இல்லை. இன்றைய சி.டி. கருவிகள் படம் எடுத்து முடித்ததும் டோஸ் விவரங்களைத் தனிப் பக்கமாகவே பதிவு செய்துவிடுகின்றன. டெக்னீஷியனின் திரையில் அது தெரியும். அதில் இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று, சராசரியாக ஒவ்வொரு வெட்டுக்கும் எத்தனை மில்லிகிரே என்பது. மற்றொன்று, அதை எடுக்கப்பட்ட நீளத்தால் பெருக்கிய மொத்தம். டி.எல்.பி. என்ற மூன்றெழுத்தில் இருக்கும்.

வயிற்று சி.டி.யில் டி.எல்.பி. 600 என்றால் 0.015-ஆல் பெருக்கவேண்டும். 9 மில்லிசீவர்ட் வரும். தலை சி.டி.யில் டி.எல்.பி. 1,000 என்றிருக்கலாம், எண் பெரிது, ஆனால் பெருக்கவேண்டியது 0.0021-ஆல் மட்டுமே என்பதால் 2.1 மில்லிசீவர்ட்தான். மூளைக்கும் தலையோட்டுக்கும் பங்கு குறைவு, வயிற்றில் இரைப்பையும் குடலும் இருக்கின்றன என்ற அதே எடைக்கணக்குதான் இங்கும் வேலை செய்கிறது. பெருக்கி வரும் எண் தோராயமானது. மெலிந்தவருக்கும் பருத்தவருக்கும் மாறும். குழந்தைகளுக்குப் பெருக்கும் எண்ணே வேறு. ஆனாலும் 9 என்பதற்கும் 30 என்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட இது போதும்.

அந்தத் திரையை யாரும் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு லாஸ் ஏஞ்சலஸ் நகரின் ஒரு பெரிய மருத்துவமனையே சாட்சி. பக்கவாதம் என்று சந்தேகித்து வந்தவர்களுக்கு மூளை ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் சி.டி. எடுத்தார்கள். கருவியின் அமைப்பு மாற்றப்பட்டதில் டோஸ் இருக்கவேண்டியதைப் போல எட்டு மடங்கானது. சுமார் 18 மாதங்கள், 206 நோயாளிகள். ஒவ்வொரு முறையும் கருவி எண்ணைக் காட்டிக்கொண்டுதான் இருந்தது. தலையைச் சுற்றிப் பட்டைபோல முடி உதிர்ந்த நோயாளி ஒருவர் கேட்ட பிறகுதான் 2009-ல் விஷயம் வெளிவந்தது. அதற்கடுத்த ஆண்டே கலிஃபோர்னியா மாநிலம் சட்டம் போட்டது; சி.டி. டோஸை நோயாளியின் அறிக்கையிலேயே பதிவு செய்யவேண்டும் என்ற விதி 2012 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது.

நம் ஊரில் ஸ்கேன் அறிக்கை வாங்கியவர்கள் எடுத்துப் பார்க்கலாம். நோயாளியின் பெயர், வயது, பரிந்துரைத்த மருத்துவர், கண்டறிந்தவை, முடிவு எல்லாம் இருக்கும். டோஸ் பொதுவாக இருக்காது. ஒருவர் மதுரையில் எடுத்த சி.டி.யை ஏற்காமல் சென்னையில் மறுபடி எடுக்கச் சொல்வதும், அதே மாதத்தில் மூன்றாவது முறை எடுப்பதும் நம்மிடம் சகஜம். மூன்றையும் கூட்டினால் எவ்வளவு என்று நோயாளிக்கும் தெரியாது, எழுதிக்கொடுத்த மருத்துவருக்கும் தெரியாது. ஸ்கேன் அறையில் வேலை செய்பவரின் சட்டையில் ஒரு பேட்ஜ் தொங்கும். அதைக் குறிப்பிட்ட இடைவெளியில் ஆய்வகத்துக்கு அனுப்பி அவர் வாங்கிய டோஸை அளந்து பதிவு செய்கிறார்கள். அவர் ஆண்டு முழுவதும் வாங்குவதைவிட நோயாளி ஒரே சி.டி.யில் அதிகம் வாங்கக்கூடும். நோயாளிக்கு அப்படி எந்தப் பதிவும் இல்லை.

சி.டி.க்கு எதிரான பிரச்சாரமாக இதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 10 மில்லிசீவர்ட் சி.டி. ஒன்றை 10,000 பேர் எடுத்தால், அதனால் வாழ்நாளில் கூடுதலாகப் புற்றுநோய் வருவது சுமார் 5 பேருக்கு. இந்தியாவில் ஒன்பது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு இருக்கிறது என்பது தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் மதிப்பீடு. அதன்படி எந்த ஸ்கேனும் எடுக்காமலேயே அந்த 10,000 பேரில் 1,100 பேருக்கு வரக்கூடும். விபத்தில் தலையில் அடிபட்டவருக்கு, குடல்வால் வெடித்ததாகச் சந்தேகப்படுபவருக்கு, இந்த 5-ஐ நினைத்து சி.டி.யைத் தள்ளிப்போடுவது முட்டாள்தனம். பயன் பல மடங்கு பெரிது. தேவையில்லாமல் எடுக்கும்போதும் குழந்தைகளுக்கு எடுக்கும்போதும்தான் கணக்கு மாறுகிறது. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் 22 வயதுக்குள் சி.டி. எடுத்த ஏறத்தாழ பத்து லட்சம் பேரை ஆராய்ந்த முடிவு 2023-ல் வெளியானது. 10,000 குழந்தைகளுக்குத் தலா ஒரு சி.டி. எடுத்தால், அடுத்த 12 ஆண்டுகளில் ஒன்று அல்லது இரண்டு குழந்தைகளுக்கு அதனால் ரத்தப் புற்றுநோய் வகை வரலாம் என்கிறது அது. பெரியவருக்கான அமைப்பிலேயே குழந்தையையும் படுக்கவைத்து எடுக்காமல், உடல் எடைக்கேற்ப டோஸைக் குறைத்தால் இந்த எண்ணும் குறையும். குறைத்தார்களா என்று தெரிந்துகொள்ள, டோஸ் காகிதத்தில் இருக்கவேண்டும்.

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஒவ்வொரு சி.டி. கருவிக்கும் உரிமம் தருகிறது, அதன் தரச் சோதனையையும் கேட்கிறது. ஒவ்வொரு ஸ்கேன் அறிக்கையின் கடைசி வரியிலும் டி.எல்.பி.யும் அதன் தோராய மில்லிசீவர்ட்டும் அச்சாகவேண்டும் என்பதையும் உரிம நிபந்தனையாக வாரியம் சேர்க்கவேண்டும். எண்ணைக் கருவி ஏற்கெனவே கணக்கிட்டு வைத்திருப்பதால் பெரிய செலவு எதுவும் இல்லை. முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பணம் பெறும் ஸ்கேன்களுக்கு, வாரியத்துக்காகக் காத்திருக்காமல் தமிழ்நாடு அரசே இதை நிபந்தனையாக்கலாம். கல்பாக்கம், கூடங்குளம் சுற்றுவட்டார டோஸ் அளவுகள் ஆண்டறிக்கையில் வரும் வரைபடத்தோடு நின்றுவிடாமல், ஊராட்சி அலுவலகச் சுவரில், மணிக்கு இத்தனை மைக்ரோசீவர்ட் என்று தமிழில் தினமும் தெரியவேண்டும். ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு ஜப்பானின் பள்ளிக்கூடங்களிலும் பூங்காக்களிலும் நின்ற கருவிகள் அதைத்தான் செய்தன.

அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை உங்களுக்கோ உங்கள் குழந்தைக்கோ சி.டி. எடுத்தால், படத்தோடு டோஸ் பக்கத்தையும் ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் டி.எல்.பி. எவ்வளவு என்று கேட்டு, தேதியோடு கோப்பில் எழுதிவையுங்கள். அடுத்த மருத்துவர் மறுபடி ஒரு சி.டி. எழுதும்போது அந்தக் காகிதத்தை அவர் மேசையில் வையுங்கள்.